மங்கும் அலைகளின் வழியே ஓர் இலக்கைக் கண்டறிதல்: கம்பியில்லா உணரி வலையமைப்புகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கம்பியில்லா உணரி வலையமைப்பு என்றதும், ஒரு பரப்பு முழுவதும் சிறு கருவிகளைப் பரப்பிவிட்டால் அங்கே நுழைவது எதுவும் தப்பாது என்ற எண்ணமே பொதுவாகப் பேசப்படுகிறது. கருவிகளின் எண்ணிக்கை கூடக்கூட நம்பகமும் கூடும் என்றும், செய்தி அனுப்பும் ரேடியோவின் மின்திறனைக் கூட்டினால் மீதமுள்ள குறையும் தீர்ந்துவிடும் என்றும், ஒரு கருவியிலிருந்து செய்தி வராவிட்டால் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று கொள்ளலாம் என்றும் நம்பப்படுகிறது. இவற்றில் முதல் இரண்டும் பாதி உண்மைகள். மூன்றாவது பெரும்பாலும் தவறு. உணரி எவ்வளவு நுட்பமானது என்பதைப் போலவே, அதன் செய்தி மையத்தை எந்த நிலையில் வந்தடைகிறது என்பதும், வந்த செய்திக்கு மையம் எவ்வளவு எடை தருகிறது என்பதும் நம்பகத்தைத் தீர்மானிக்கின்றன. கணிதக் குறியீடுகள் இன்றி, கூட்டல் பெருக்கல் தெரிந்தவர் பின்தொடரும் அளவில் இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று வீசும் இரவில் பத்துக் காவலர்கள்

ஒரு பரந்த வெளியைச் சுற்றிப் பத்துக் காவலர்கள் இருட்டில் நிற்கிறார்கள் என்று கொள்வோம். யாரேனும் நுழைந்ததாகத் தோன்றினால் நடுவில் இருக்கும் தலைவருக்குக் கேட்கும்படி ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே இரண்டு வகையான தவறுகள் நேரக்கூடும். காவலர் சருகின் ஓசையைக் காலடி என்று நினைத்துவிடலாம், அல்லது உண்மையான காலடியைக் கவனிக்காமல் விடலாம். இது பார்ப்பவரின் தவறு. காவலர் சரியாகவே கண்டு சொல்லியும், அந்த நேரத்தில் அடித்த காற்றில் அவருடைய குரல் தலைவரை எட்டாமல் போகலாம், அல்லது "இல்லை" என்றது "உண்டு" என்று கேட்கலாம். இது வழியின் தவறு. தலைவரின் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் காவலர் எவ்வளவு கவனமானவர், எந்தத் திசையிலிருந்து வரும் குரலைக் காற்று எவ்வளவு சிதைக்கிறது என்ற இரண்டையும் அறிந்து தீர்ப்புச் சொல்லும் தலைவரே குறைவாகத் தவறுவார்.

காவலரின் இடத்தில் உணரியையும், குரலின் இடத்தில் ரேடியோ அலையையும், தலைவரின் இடத்தில் ஒரு கணினியையும் வைத்தால் நம் பொருளுக்கு வந்துவிடுகிறோம். கண்டறிய வேண்டிய வாகனம், மனிதர், விலங்கு, தீ, நச்சுவாயு ஆகிய எதுவும் இங்கே 'இலக்கு' எனப்படும். உணரியும் சிறு கணிப்பானும் ரேடியோவும் மின்கலமும் சேர்ந்த கருவி 'முனை' எனப்படும். முனைகளின் செய்திகளைச் சேர்த்து இறுதி முடிவு எடுக்கும் இடம் 'தீர்ப்பு மையம்'. ஒப்புமை இந்த அளவோடு நிற்கட்டும். காற்றுக்கும் ரேடியோ அலைக்கும் உள்ள வேறுபாடுதான் பின்னால் முக்கியமாகிறது.

ஒரு முனை எப்படி முடிவெடுக்கிறது

முனை எதையும் நேரடியாகப் 'பார்ப்பது' இல்லை. அதன் உணரி ஓர் அளவைத் தருகிறது: காந்தப்புலத்தின் மாற்றம், தரையின் அதிர்வு, ஒலியின் ஆற்றல், வெப்பக் கதிர்வீச்சு என அது எதுவாகவும் இருக்கலாம். 2001-ஆம் ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் ட்வென்டினைன் பாம்ஸ் இராணுவத் தளத்தில் நடந்த பரிசோதனை ஒன்றில், ஆளில்லாச் சிறு விமானத்திலிருந்து சாலையோரம் போடப்பட்ட முனைகள், கடந்து சென்ற வாகனங்களை அவற்றின் இரும்பு உருவாக்கிய காந்தப்புல மாற்றத்தைக் கொண்டே கண்டறிந்தன. ஆனால் இலக்கு எதுவும் இல்லாத நேரத்திலும் அந்த அளவு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இலக்கோடு தொடர்பில்லாத இந்த ஏற்ற இறக்கம் 'இரைச்சல்' எனப்படும். ஒலியே சம்பந்தப்படாத இடத்திலும் இச்சொல்லே வழங்குகிறது.

ஆகவே முனைக்கு ஓர் எல்லைக்கோடு தேவைப்படுகிறது. அளவு அந்தக் கோட்டைத் தாண்டினால் "இலக்கு உண்டு", தாண்டாவிட்டால் "இல்லை" என்று முனை முடிவு செய்கிறது. இந்தக் கோட்டுக்கு 'வரம்பு' என்று பெயர். வரம்பைத் தாழ்த்தினால் இலக்குகள் தப்புவது குறையும், ஆனால் இரைச்சலே பலமுறை வரம்பைத் தாண்டிவிடும். உயர்த்தினால் இதற்கு நேர்மாறு. இலக்கு இல்லாதபோது "உண்டு" என்பது 'பொய் எச்சரிக்கை'. இலக்கு இருந்தும் "இல்லை" என்பது 'தவறவிடல்'. இவ்விரண்டையும் வரம்பை நகர்த்துவதன் மூலம் ஒருசேரக் குறைக்க முடியாது. பொய் எச்சரிக்கைக்கு ஓர் உச்ச அளவை முதலில் விதித்துக்கொண்டு, அதை மீறாமல் கண்டறியும் வாய்ப்பை இயன்றவரை உயர்த்துவதே வழக்கமான அணுகுமுறை. நேமன், பியர்சன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1933-ஆம் ஆண்டு இதற்கான சிறந்த விதியை நிறுவினர்.

"இந்த முறை 99 சதவீதம் கண்டறிகிறது" என்ற கூற்று தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. எந்நேரமும் "உண்டு" என்று கத்திக்கொண்டிருக்கும் கருவி 100 சதவீதம் கண்டறியும். பொய் எச்சரிக்கை விகிதத்தைச் சொல்லாமல் கண்டறியும் விகிதத்தை மட்டும் விளம்பரப்படுத்துவது இத்துறையில் காணப்படும் மிகப் பழைய ஏமாற்று என்று கூடச் சொல்லலாம்.

ஏன் முழு அளவையும் அனுப்புவதில்லை

ஒவ்வொரு முனையும் தன் அளவு முழுவதையும் மையத்துக்கு அனுப்பிவிட்டால் மையம் இன்னும் நன்றாக முடிவெடுக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் முனை வாழ்வது மின்கலத்தில், மின்கலத்தை மிகுதியாகத் தின்பது ரேடியோ. 100 மீட்டர் தொலைவுக்கு ஆயிரம் பிட் (0 அல்லது 1 என்ற தகவலின் மிகச் சிறிய அலகு) அனுப்புவதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 30 லட்சம் கணிப்புக் கட்டளைகளை நிறைவேற்றிவிடலாம் என்று 2000-ஆம் ஆண்டு வெளியாகிப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஒரு மதிப்பீடு கூறுகிறது. சில்லுகள் மாறிவிட்டதால் எண் இன்று வேறாக இருக்கும். சிந்திப்பது மலிவு, பேசுவது செலவு என்ற நிலை மாறவில்லை. எனவே முனை தானே முடிவெடுத்து, "உண்டு" என்பதற்கு 1, "இல்லை" என்பதற்கு 0 என்று ஒரே ஒரு பிட்டை மட்டும் அனுப்புவது வழக்கமாயிற்று.

பல முனைகளின் தீர்ப்பைச் சேர்த்தல்

ஓர் எண்ணிக்கை எடுத்துக்காட்டை முழுக்கட்டுரைக்கும் வைத்துக்கொள்வோம். பத்து முனைகள் இருக்கின்றன. இலக்கு இருந்தால் ஒவ்வொன்றும் 80 சதவீத வாய்ப்பில் கண்டறியும். இலக்கு இல்லாதபோது 10 சதவீத வாய்ப்பில் பொய் எச்சரிக்கை தரும். ஒன்றின் தவறு மற்றொன்றின் தவறைச் சாராது என்றும் கொள்வோம். தனி முனையாகப் பார்த்தால் இது மிகச் சாதாரணமான கருவி.

மையம் "எவரேனும் ஒருவர் உண்டு என்றால் போதும்" என்ற விதியைப் பின்பற்றினால் இலக்கு தப்புவது ஏறக்குறைய நடவாத காரியம். ஆனால் இலக்கே இல்லாத நேரத்தில் பத்தில் ஒன்றாவது தவறாகக் கத்தும் வாய்ப்பு 65 சதவீதம். "பத்துப் பேரும் உண்டு என்ற பிறகே நம்புவேன்" என்றால் பொய் எச்சரிக்கை மறைந்துவிடும்; கண்டறியும் வாய்ப்போ 11 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இடையில் ஒரு விதி இருக்கிறது: பத்தில் ஐந்து முனைகளாவது "உண்டு" என்றால் இலக்கு இருப்பதாக ஏற்பது. இதன்படி கண்டறியும் வாய்ப்பு 99.4 சதவீதம், பொய் எச்சரிக்கை 0.16 சதவீதம். சாதாரணக் கருவிகள் பத்தைக் கொண்டு மிகச் சிறந்த ஒரு கருவியின் தரத்தை எட்டிவிட்டோம். உணரி வலையமைப்பின் கவர்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கருவிகளின் எண்ணிக்கை அதே பத்துதான். விதி மாறியபோது 65 சதவீதப் பொய் எச்சரிக்கை 0.16 சதவீதமாகிறது. எண்ணிக்கையைக் கூட்டினால் நம்பகம் தானே வரும் என்பது ஏன் பாதி உண்மை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இதுவரை கண்டதன் சுருக்கம் இது: ஒவ்வொரு முனையும் வரம்பு ஒன்றை வைத்து ஒரு பிட் முடிவை எடுக்கிறது, அதில் தவறவிடல், பொய் எச்சரிக்கை என இருவகைத் தவறுகள் உண்டு, பொருத்தமான விதியால் பல முடிவுகளைச் சேர்க்கும்போது இருவகைத் தவறும் சேர்ந்தே குறைகின்றன. இந்தக் கணக்கு முழுவதும், அனுப்பிய பிட் அப்படியே மையத்தை அடைந்தது என்ற அனுமானத்தின்மேல் நின்றது. இனி அந்த அனுமானத்தை எடுத்துவிடுவோம்.

மங்கல் என்பது என்ன

தொலைவு கூடினால் அலை வலுவிழக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. 'மங்கல்' என்பது அது அன்று. அனுப்பப்பட்ட ரேடியோ அலை ஒரே நேர்க்கோட்டில் மட்டும் பயணிப்பதில்லை; தரை, சுவர், மரம், வாகனம், மனித உடல் என்று பலவற்றில் பட்டுத் தெறித்து, பல வழிகளில் பிரிந்து, சற்றே வேறுபட்ட நேரங்களில் பெறுநரை வந்தடைகிறது. இப்படி வந்த நகல்களில் ஒன்றின் முகடும் மற்றொன்றின் முகடும் சேர்ந்தால் குறிப்பலை, அதாவது செய்தியைச் சுமந்துவரும் அலை, வலுக்கும். ஒன்றின் முகடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இவ்வாறு இடத்துக்கு இடமும் நேரத்துக்கு நேரமும் பெறப்படும் வலு ஏறி இறங்குவதே மங்கல்.

இது எவ்வளவு சிறிய தொலைவில் நிகழ்கிறது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இத்தகைய முனைகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. முகடு பள்ளமாக மாற அதில் பாதியான 6 செ.மீ. சொச்சம் வழி வேறுபாடு போதும். எனவே நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் முனையை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் அதன் குரல் அமிழ்ந்துவிடலாம். முனையைத் தொடாமலேயே, அருகில் ஒரு கதவு திறந்தாலும் அப்படி நேரலாம். தொலைவில் உள்ள முனை தெளிவாகக் கேட்க, அருகில் உள்ளது கேட்காமல் போகும் விந்தைக்குக் காரணம் பழுதான கருவி அல்ல. பல வேளைகளில் இந்த மங்கல்தான்.

பெறுநருக்கு நேர்வழி அலை இன்றி, தெறித்து வந்த பல நகல்கள் மட்டுமே கிடைக்கும் நிலையை விவரிக்கும் கணித வடிவம் 'ரேலி மங்கல்' எனப்படுகிறது. இதன் அடிப்படையான புள்ளியியல் பரவலை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1880-ஆம் ஆண்டு வருவித்தார். அவர் சிந்தித்துக்கொண்டிருந்தது ஒலியைப் பற்றி. ரேடியோ அலைகள் இருப்பதை ஹெர்ட்ஸ் சோதனையால் காட்டியதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ரேலி மங்கலில், குறிப்பலையின் வலு தன் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழும் வாய்ப்பு 9.5 சதவீதம், நூறில் ஒரு பங்குக்கும் கீழே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம். சராசரி என்னவோ நன்றாகவே இருக்கும். ஆனால் பத்தில் ஒரு முறை ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது.

சராசரி வலு இரைச்சலைப் போலப் பத்து மடங்கு இருக்கும் ஒரு தொடர்பை எடுத்துக்கொள்வோம். பிட்டை அலையின் முகடு பள்ளத்தைப் புரட்டி உணர்த்தும் எளிய முறையில், மங்கல் இல்லாவிட்டால் 10 லட்சம் பிட்களுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே தவறாகும். அதே சராசரி வலுவில் ரேலி மங்கல் குறுக்கிட்டால் நூறு பிட்களில் இரண்டுக்கு மேல் தவறாகும். இதை அனுப்பும் திறனைக் கூட்டிச் சரிசெய்ய முயன்றால், திறனை இரட்டித்தாலும் பிழை பாதியளவே குறைகிறது; பழைய 10 லட்சத்துக்கு 4 என்ற நிலையை எட்ட ஆறாயிரம் மடங்குக்கும் மேல் திறன் வேண்டும். மின்கலத்தில் ஓடும் கருவிக்கு அது நடக்காத செயல். திறனைக் கூட்டினால் போதும் என்ற இரண்டாவது நம்பிக்கை உடையும் இடம் இதுவே.

புரண்ட பிட், தொலைந்த பொதி

மங்கல் ஒரு செய்தியை இரண்டு விதங்களில் கெடுக்கிறது. இந்த இரண்டையும் வேறுபடுத்தாமல் பேசுவதே குழப்பத்துக்குப் பெருங்காரணம். ஒன்று, 1 என்று அனுப்பியது 0 என்றோ, 0 என்று அனுப்பியது 1 என்றோ மையத்தில் புரிந்துகொள்ளப்படுவது. இதைப் 'புரளல்' என்போம். மற்றொன்று, செய்தி வராமலே போவது. இதை 'இழப்பு' என்போம்.

முதலில் புரளல். நம் பத்து முனைகளின் பிட்கள் ஒவ்வொன்றும் வழியில் 10 சதவீத வாய்ப்பில் புரள்கின்றன என்று கொள்வோம். இலக்கு இருக்கும்போது மையத்தில் 1 கேட்கும் வாய்ப்பு 80 சதவீதத்திலிருந்து 74 ஆகக் குறைகிறது. இலக்கு இல்லாதபோது 1 கேட்கும் வாய்ப்பு 10-லிருந்து 18 சதவீதமாக ஏறுகிறது. அதே "பத்தில் ஐந்து" விதியைப் பின்பற்றினால் கண்டறியும் வாய்ப்பு 99.4-லிருந்து 97.6 சதவீதமாகத் தாழ்கிறது. இது பெரிய சேதமாகத் தோன்றாது. பொய் எச்சரிக்கையோ 0.16-லிருந்து 2.1 சதவீதமாகிறது, அதாவது பதின்மூன்று மடங்கு. நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுக்கும் மையத்தில் ஒரு நாளைக்கு 1440 முடிவுகள். முன்பு நாளுக்கு இரண்டு மூன்று பொய் எச்சரிக்கைகள் வந்த இடத்தில் இப்போது முப்பது வரும். முப்பது முறை வீணாக ஓடிப் பார்த்தவர் முப்பத்தொன்றாவது முறை ஓடமாட்டார். எந்த உணரியும் பழுதாகவில்லை. வழி மட்டும்தான் கெட்டது.

நடைமுறையில் இருக்கும் பல வலையமைப்புகள் தனிப் பிட்டை அனுப்புவதில்லை. 2003-ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியான ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பு) 802.15.4 என்ற தரநிலையைப் பின்பற்றும் முனைகள், அதிகபட்சம் 127 பைட் (ஒரு பைட் எட்டு பிட்) கொண்ட பொதிகளாகச் செய்தியை அனுப்புகின்றன. ஒவ்வொரு பொதியின் இறுதியிலும் சரிபார்ப்புக்கென 16 பிட்கள் உண்டு; சிதைந்த பொதியைப் பெறுநர் அவற்றைக் கொண்டு அடையாளம் கண்டு எறிந்துவிடுகிறது. ஆகவே அங்கே புரளல் மிக அரிது; இழப்பே வழக்கம். பொய்யான செய்தியைவிட வராத செய்தி மேல் என்பதால் இது நல்லதே, ஆனால் வராத செய்திக்கு என்ன பொருள் கொள்வது என்ற கேள்வி உடனே எழுகிறது.

மௌனத்துக்கு என்ன பொருள்

பத்து முனைகளில் மூன்றின் பொதிகள் மங்கலில் தொலைந்துவிட்டன, ஏழு மட்டும் வந்து சேர்ந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். வராத மூன்றையும் "இல்லை" என்று எண்ணிக்கொண்டு, பழைய விதிப்படி ஐந்து "உண்டு" வேண்டும் என்று மையம் காத்திருந்தால், இலக்கைக் கண்டறியும் வாய்ப்பு 85 சதவீதமாக விழுந்துவிடும். வராத மூன்றையும் கணக்கிலிருந்தே விலக்கி, வந்த ஏழில் நான்கு போதும் என்று விதியை மாற்றிக்கொண்டால் அந்த வாய்ப்பு 96.7 சதவீதம், பொய் எச்சரிக்கையும் ஏறத்தாழ 0.27 சதவீதமே. ஒரு புதிய கருவியும் வாங்காமல், திறனை ஒரு துளியும் கூட்டாமல், மௌனத்தைச் சரியாக வாசித்ததால் மட்டுமே தவறவிடல் 15 சதவீதத்திலிருந்து 3 சதவீதச் சொச்சமாகக் குறைந்தது. இந்தப் பொருள் முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் திருத்தம் இதுவே என்பது என் கணிப்பு. மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

மௌனத்தையே செய்தியாகப் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் உண்டு. இலக்கு இருப்பதாகத் தோன்றினால் மட்டும் பேசு, இல்லாவிட்டால் பேசாதே என்று முனைகளுக்குச் சொல்லி வைத்தால் மின்கலம் நெடுங்காலம் உழைக்கும். இலக்கு அரிதாக வரும் இடங்களில் இச்சேமிப்பு மிகப் பெரிது. ஆனால் அப்போது "ஒன்றும் இல்லை" என்ற மௌனமும், "பேசினேன், கேட்கவில்லை" என்ற மௌனமும், "மின்கலம் தீர்ந்துவிட்டது" என்ற மௌனமும் மையத்தில் ஒரே முகத்தோடு நிற்கும். இவற்றைப் பிரித்தறிய முனைகள் இடைவெளிவிட்டு "இருக்கிறேன்" என்று ஒரு குறும்பொதியை அனுப்புவதும், பெற்றுக்கொண்டதை மையம் ஒப்புக்கொள்ளும்வரை முனை மீண்டும் அனுப்புவதும் வழக்கம். சேமித்த ஆற்றலில் ஒரு பங்கு இதற்குத் திரும்பச் செலவாகும்.

சுருக்கமாக: வழி கெடும்போது பிட் புரளலாம் அல்லது தொலையலாம், புரளல் பொய் எச்சரிக்கையைப் பெருக்குகிறது, இழப்பு இலக்குகளைத் தப்பவிடுகிறது. எது நிகழ்கிறது என்பதை அறிந்து மையத்தின் விதியை மாற்றாவிட்டால் உணரிகளின் தரம் வீணாகும்.

எடை அறிந்து கேட்பது

தலைகளை எண்ணுவது நல்ல விதிதான், எல்லா முனைகளும் ஒரே தரமாக இருக்கும் வரை. தரம் வேறுபடும்போது எண்ணுவதற்குப் பதில் நிறுக்க வேண்டும். இதற்கான சிறந்த விதியை 1986-ஆம் ஆண்டு பிரமோத் வார்ஷ்னியும் அவருடன் பணியாற்றிய ஓர் ஆய்வாளரும் வெளியிட்டனர். இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்றாக அது இன்றும் கற்பிக்கப்படுகிறது.

அதன் கருத்து எளிமையானது. நம் முனை இலக்கு இருக்கும்போது 80 சதவீதமும் இல்லாதபோது 10 சதவீதமும் "உண்டு" என்கிறது. எனவே அது "உண்டு" என்றால், இலக்கு இருப்பதற்கான சாத்தியத்தை இல்லாததற்கான சாத்தியத்தோடு ஒப்பிடும் விகிதம் 80-ஐ 10-ஆல் வகுத்த 8 மடங்காக உயர்கிறது. அது "இல்லை" என்றால் அதே விகிதம் 20-ஐ 90-ஆல் வகுத்தபடி, அதாவது நாலரையில் ஒரு பங்காகக் குறைகிறது. இலக்கை 90 சதவீதம் கண்டறிந்து 30 சதவீதம் பொய் எச்சரிக்கையும் தரும் வேறொரு முனை இருந்தால், அதன் "உண்டு" விகிதத்தை 3 மடங்கே உயர்த்தும். அதன் "இல்லை"யோ ஏழில் ஒரு பங்காகக் குறைக்கும். எளிதில் பதறும் அந்த முனை "உண்டு" என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. அதுவே "இல்லை" என்றால் அதற்கு மதிப்பு அதிகம். வந்த எல்லாச் செய்திகளுக்கும் உரிய இந்த எண்களை மையம் ஒன்றோடொன்று பெருக்கி, கிடைத்த பெருக்குத்தொகை ஒரு குறித்த அளவைத் தாண்டினால் "இலக்கு உண்டு" என்று தீர்ப்பளிக்கிறது.

இப்போது வழியையும் இதில் சேர்க்கலாம். முதல் முனையின் பிட் 10 சதவீத வாய்ப்பில் புரளும் என்றால், மையத்தில் கேட்கும் "உண்டு" என்பதன் மதிப்பு 74-ஐ 18-ஆல் வகுத்த 4.1 மட்டுமே. புரளும் வாய்ப்பு 30 சதவீதமானால் அது 1.8-ஆகச் சுருங்கும். 50 சதவீதத்தில் அது 1 ஆகிவிடும்; அதாவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான். மிகச் சிறந்த உணரியும் மங்கிய வழியின் மறுமுனையில் இருந்தால் அதன் சொல்லுக்கு எடை இல்லை. சாதாரண உணரி தெளிவான வழியில் பேசினால் அதைவிட எடை உண்டு. ஒரு செய்தியின் மதிப்பு உணரியின் தரத்தாலும் வழியின் தரத்தாலும் சேர்ந்தே அமைகிறது என்பதுதான் இதில் அடங்கிய செய்தி. வழியின் நிலையையும் கணக்கில் எடுத்துத் தீர்ப்பளிக்கும் இம்முறை 'வழியறிந்த தீர்ப்பு' எனலாம்.

வழியின் அப்போதைய நிலை மையத்துக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி இயல்பானது. முன்கூட்டியே தெரிந்த சில பிட்களை முனை ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் அனுப்பினால், அவை எவ்வளவு சிதைந்து வந்தன என்பதைக் கொண்டு மையம் மதிப்பிட்டுக்கொள்ளும். இதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதால், குறைந்த அறிவோடு எவ்வளவு தூரம் சமாளிக்கலாம் என்று 2000-களின் நடுப்பகுதியில் வார்ஷ்னி உள்ளிட்டோர் ஆராய்ந்தனர். வழிகள் எல்லாம் தெளிவாக இருந்தால் 1986-ஆம் ஆண்டு விதியே போதுமானது. வழிகள் மிக மோசமாக இருந்தால் ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியே 0, 1 என்று தீர்மானிக்காமல், வந்த அலைகளை அவற்றின் வழியின் வலுவுக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டுவது சிறந்தது. இடைப்பட்ட நிலையில், எல்லாவற்றையும் சம எடையோடு கூட்டும் எளிய முறையே வியக்கத்தக்க வகையில் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டனர். உணரிகளின் தரமோ வழிகளின் வலுவோ துல்லியமாகத் தெரியாத கள நிலையில் இந்தக் கடைசி முடிவு பெரிய ஆறுதல்.

ஒரே வழியை நம்பாதிருத்தல்

மங்கலை எதிர்க்கத் திறனைக் கூட்டுவது பயன் தராது என்றால் எது பயன் தரும்? ஒரே செய்தியை, ஒன்றையொன்று சாராமல் மங்கும் பல வழிகளில் அனுப்புவது. ஒரு வழி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே மங்கும் வாய்ப்பு 9.5 சதவீதம் என்று கண்டோம். சார்பற்ற இரண்டு வழிகள் இருந்தால் இரண்டுமே அப்படி மங்கும் வாய்ப்பு 0.9 சதவீதம், மூன்று வழிகளுக்கு 0.09 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு கூடுதல் வழியும் ஆபத்தை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக்குகிறது. இந்த உத்திக்குப் 'பல்வழிமை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

வழிகள் வேறுபடுவதற்குப் பல வாயில்கள் உண்டு. மையத்தில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆன்டெனாக்களை வைக்கலாம். ஒன்று பள்ளத்தில் இருந்தால் மற்றது பெரும்பாலும் இருக்காது. வேறு ஒரு முனை வழியாகச் செய்தியைக் கடத்தலாம். அலைவெண்ணை மாற்றலாம்: 802.15.4 தரநிலையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல்கள் (தனித்தனி அலைவரிசைகள்) உள்ளன. போதிய இடைவெளி உள்ள இரு சேனல்களில் மங்கல் ஒரே நேரத்தில் நேர்வது அரிது. ஒவ்வொரு செய்திக்கும் சேனலை மாற்றித் தாவும் முறை 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அத்தரநிலையிலேயே இடம்பெற்றது.

நேரத்தை மாற்றி மீண்டும் அனுப்புவதும் ஒரு வழிதான், ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அசையாமல் கிடக்கும் முனைகளுக்கிடையே, சுற்றிலும் எதுவும் அசையாதபோது, மங்கலும் அசையாது. சில மில்லிநொடி கழித்து அதே சேனலில் மீண்டும் அனுப்பினால் அதே பள்ளத்தில்தான் விழும். மூன்று முறை அனுப்பினோம், மூன்றும் போயிற்று என்ற புலம்பலின் பின்னணி பெரும்பாலும் இதுவே. மறுமுறை அனுப்பும்போது சேனலையும் மாற்றுவதே பொருள் உள்ள செயல்.

கணக்கில் ஒளிந்திருக்கும் அனுமானம்

மேலே சொன்ன எல்லா எண்களும் ஒரு முனையின் தவறு மற்றொன்றைச் சாராது என்ற அனுமானத்தில் பிறந்தவை. பத்து அதிர்வு உணரிகளை ஒரே மரத்தைச் சுற்றி நட்டால், காற்று அந்த மரத்தை ஆட்டும்போது பத்தும் ஒருசேர "உண்டு" என்னும். அங்கே பத்துச் சாட்சிகள் இல்லை. ஒரே சாட்சி பத்து முறை பேசுகிறார். கணக்குப்படி 0.16 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் எச்சரிக்கை, ஒற்றை முனையின் 10 சதவீதத்தை நெருங்கும். வழியிலும் இதே நிலை ஏற்படக்கூடும்: மையத்தின் ஒரே ஆன்டெனாவுக்கு முன்னால் ஒரு பெரிய வாகனம் வந்து நின்றால் பல முனைகளின் செய்திகள் ஒன்றாகத் தொலையும். கண்டறிய வேண்டிய இலக்கே அந்த வாகனமாக இருக்கும்போது, எந்த நேரத்தில் செய்தி மிகவும் தேவையோ அந்த நேரத்தில்தான் வழி மறைகிறது.

ஆகவே களத்தில் முனைகளை நட்ட பிறகு, இலக்கு இல்லாத நாட்களில் ஒவ்வொரு முனையின் பொய் எச்சரிக்கைகளையும் பொதி இழப்புகளையும் நேரக் குறிப்போடு பதிந்து, எவை எவை ஒரே நேரத்தில் தவறுகின்றன என்று பார்ப்பது இன்றியமையாதது. ஒருசேரத் தவறும் முனைகளில் ஒன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது, மேலும் ஐந்து முனைகளை வாங்கி அதே இடத்தில் சேர்ப்பதைவிடப் பெரும்பாலும் அதிகப் பயன் தரும். மையத்தின் விதியில் வைக்க வேண்டிய வாய்ப்பு எண்களும் தயாரிப்பாளரின் ஏட்டிலிருந்து அல்லாமல் இந்தப் பதிவிலிருந்தே கிடைக்க வேண்டும்.